பாதிக் கார் போதும்

அந்தப் பையை மிதித்துவிடாதீர்கள். உள்ளே கார் இருக்கிறது.

சிரிக்க ஒன்றும் இல்லை. பந்தயக் கார். மணிக்கு முந்நூறு கிலோமீட்டர் போகும். லேப்டாப்புக்குள் இருக்கிறது, அவ்வளவுதான். ஜன்னல் பக்கம் நீங்களே உட்காருங்கள். எனக்கு வெளியே பார்க்க ஒன்றும் கிடையாது. நானும் ஈரோடுதான்.

என் பேர் குழந்தைவேல். எழுபதைத் தாண்டியாகிவிட்டது, பேர் மட்டும் அப்படியே இருக்கிறது. கோயமுத்தூரில் தண்ணீர்ப் பம்பு கம்பெனியில் டிசைன் பிரிவுக்குத் தலைமையாக இருந்து ரிட்டயர் ஆனவன். எந்தக் கம்பெனி என்று எதற்கு? உங்கள் தோட்டத்துக் கிணற்றில் ஓடுவது நான் வரைந்ததாகக்கூட இருக்கலாம். தோட்டம் இல்லையா? சரி, விடுங்கள்.

ஈரோட்டுக்கு எதற்கு என்று கேட்டீர்கள். ஸ்டீயரிங் எடுத்துவரப் போகிறேன். என் வீட்டுக்காரி அதைத் தூக்கிக்கொண்டு மகள் வீட்டுக்குப் போய்விட்டாள். அவளைக் கூப்பிடப் போகவில்லை. இதை முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். ஸ்டீயரிங்கைக் கொடுத்தால் அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுவேன். அவளும் கூட வருகிறேன் என்றால் வரட்டும். பஸ்ஸில் இடமா இல்லை?

கார் ஸ்டீயரிங்கா என்றால், கார் ஸ்டீயரிங்தான். ஆனால் மேசையில் மாட்டுவது. கம்ப்யூட்டரோடு சேர்ப்பது. இப்படிச் சொன்னால் உங்களுக்கு விளங்காது. முதலிலிருந்து சொல்கிறேன். குறுக்கே பேசாமல் கேட்டால் பெருந்துறைக்குள் முடித்துவிடுவேன்.

கம்ப்யூட்டரில் கார்ப் பந்தயம் நடத்துகிறார்கள். லீக் என்று பேர். கார் நிஜமில்லை, ரோடு நிஜமில்லை, பெட்ரோல் கிடையாது. காற்று மட்டும் நிஜம். அதாவது காற்றின் கணக்கு நிஜம். ஒவ்வொரு அணியும் தன் காரைத் தானே வரைந்து லீக்குக்கு அனுப்ப வேண்டும். எல்லாருக்கும் ஒரே எஞ்சின், ஒரே டயர். உடம்புதான் அவரவருடையது. மூக்கு எவ்வளவு நீளம், வயிறு தரையிலிருந்து எவ்வளவு உயரம், பின்னால் இறக்கை எந்தச் சாய்வு. இதில்தான் போட்டி.

காருக்கு எதற்கு இறக்கை என்று என் மகளும் கேட்டாள். விமானத்தின் இறக்கை தூக்கும். அதையே கவிழ்த்து வைத்தால் அழுத்தும். வேகமாகப் போகிற கார் வளைவில் வெளியே பாயப் பார்க்கும். காற்று அதைத் தரையோடு பிடித்து அழுத்த வேண்டும். அழுத்தம் கூடினால் காற்று பின்னாலும் இழுக்கும், வேகம் குறையும். அழுத்தமும் வேண்டும், இழுப்பும் கூடாது. அந்த இடத்தைக் கண்டுபிடிக்கிறவன்தான் டிசைனர்.

அதைக் கண்டுபிடிக்கக் காரைச் செய்து பார்க்க வேண்டியதில்லை. காரைச் சுற்றியிருக்கிற காற்றைச் சின்னச் சின்னக் கட்டங்களாக வெட்ட வேண்டும். லட்சக்கணக்கில். ஒவ்வொரு கட்டத்திலும் காற்று எந்தப் பக்கம் போகிறது, என்ன வேகம், என்ன அழுத்தம் என்று கம்ப்யூட்டர் போட்டுக்கொண்டே வரும். பம்புக்குள் தண்ணீர் எப்படிப் போகிறது என்று வாழ்நாள் முழுக்க இதைத்தான் பார்த்தேன். இப்போது தண்ணீருக்குப் பதில் காற்று.

அதில் ஒரு சுருக்கு வழி இருக்கிறது. பம்புக்குள் சுற்றுகிற சக்கரத்தில் இதழ் இதழாக இருக்கும். எல்லா இதழுக்கும் கணக்குப் போடுகிறவன் முட்டாள். ஒரு இதழுக்குப் போட்டால் போதும். மற்றவையும் அதே மாதிரிதான். காரும் அப்படித்தான். நடுவில் ஒரு கோடு கிழித்தால் இடப்பக்கம் எப்படியோ வலப்பக்கம் அப்படி. பாதிக் காருக்குக் கணக்குப் போட்டுவிட்டு, மறுபாதியை அப்படியே புரட்டி ஒட்டிக்கொள்ளலாம். கம்ப்யூட்டருக்குப் பாதி வேலை. எனக்கும் பாதி நேரம். பாதிக் கார் போதும். கம்பெனியில் சேருகிற ஒவ்வொருவரிடமும் இதைத்தான் முதலில் சொல்வேன். சமமாக இருப்பதை இரண்டு தடவை பார்க்காதே.

அவிநாசி வந்துவிட்டதா? சீக்கிரம் போகிறான்.

ஓட்டுகிறவர்கள். அங்கேதான் சனி பிடித்தது. எனக்கு ஓட்டத் தெரியாது. இந்த விளையாட்டிலும் தெரியாது, நிஜக் காரும் தெரியாது. தெரிய வேண்டிய அவசியம் வரவில்லை. வீட்டுக் காரை மயிலாத்தாள்தான் ஓட்டுவாள். என் வீட்டுக்காரி. நான் பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் படிப்பேன், வழி சொல்வேன். அதனால்தான் இப்போது பஸ். கார் வீட்டில் நிற்கிறது, ஓட்டுகிறவள் ஈரோட்டில் இருக்கிறாள்.

முதலில் ஒரு பேங்க்காரர் எனக்கு ஓட்டினார். ரொம்பப் பேசுவார். "சார், மூக்கு கொஞ்சம் கனமா இருக்கு சார்" என்பார். மூக்கின் கணக்கு என்னிடம் இருக்கிறது, நீர் ஓட்டும் என்றேன். போய்விட்டார். அடுத்து ஒரு பல் டாக்டர். அவர் ஒன்றும் பேசவே மாட்டார். நல்ல மனுஷன். தோற்றுக்கொண்டே இருந்தார். கணக்கில் இவ்வளவு வேகம் வருகிறது, உம்மால் ஏன் ஓட்ட முடியவில்லை என்று கேட்டேன். மறுநாளிலிருந்து போனை எடுக்கவில்லை.

ஸ்டீயரிங் மேசையில் சும்மா கிடந்தது. மயிலா தூசி தட்டுகிறவள், ஒரு நாள் உட்கார்ந்து திருப்பிப் பார்த்தாள். "ஏனுங்க, இது எங்க முடுக்கறது?" என்றாள். காட்டினேன். கால் எட்டவில்லை. மிதிக்கட்டைக்குக் கீழே அரிசிச் சாக்கை மடித்துப் போட்டுக்கொண்டாள். முதல் நாள் சுவரில் மோதினாள், பாலத்திலிருந்து விழுந்தாள், விழுந்துவிட்டுச் சிரித்தாள். அந்த வாரத்துக்குள் பல் டாக்டரைவிட வேகமாகச் சுற்றிவந்தாள்.

அது ஒன்றும் அதிசயமில்லை. அவிநாசி ரோட்டில் லாரிக்கு நடுவே ஓட்டிப் பழகியவள். கார் நல்ல கார். நானே சொல்லக்கூடாது.

அந்தச் சமயத்தில் அடுப்படியில் பாட ஆரம்பித்திருந்தாள். ரேடியோ கெட்டுப்போயிருந்தது, அதனால் இருக்கும்.

லீக்கில் பேர் கொடுக்கும்போது அணியின் பேரில்தான் கொடுத்தேன். குழந்தைவேல் டிசைன். திரையில் அதுதான் வரும். பேசுகிற மைக் ஒன்றுதான், அதை நான் வைத்துக்கொண்டேன். அவள் ஓட்டட்டும், பேசுவதை நான் பார்த்துக்கொள்கிறேன். வேலையைப் பிரித்துக்கொள்வதில் என்ன தப்பு? முதல் பந்தயத்தில் நான்காவதாக வந்தாள். இரண்டாவதில் இரண்டாவது. மற்ற அணிக்காரர்கள் எல்லாரும் மைக்கில் வந்து, "அய்யா, இந்த வயசுல என்ன கை உங்களுக்கு!" என்றார்கள். நன்றி என்றேன்.

ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? கார் என்னுடையதுதானே. மயிலா பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். அவள் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் எடுத்துச் சொல்லியிருப்பேன். மனதில் இருப்பதைச் சொல்லாவிட்டால் எனக்கு எப்படித் தெரியும்? ஆனால் அவள் மனதில் ஒன்றும் இருக்காது. எனக்கு என்ன தோன்றுகிறதோ அதுதான் அவளுக்கும் தோன்றும். நாங்கள் அப்படிப்பட்ட தம்பதி. ஓட்டலுக்குப் போனால் அவளுக்கும் சேர்த்து நானே சொல்லிவிடுவேன்.

ஒன்று மட்டும் சொல்லிக்கொண்டே இருந்தாள். அதையும் சொல்லிவிடுகிறேன், மறைக்க எனக்கு ஒன்றும் இல்லை. "ஏனுங்க, நேராப் போனா தேராட்டம் போகுதுங்க. வளையறப்பத்தான் பின்னாடி யாரோ சீலைத் தலைப்பப் புடிச்சு இழுக்கறாப்ல இருக்குது."

சீலையை இடுப்பில் செருகிக்கொண்டு உட்கார் என்றேன்.

"சீலை இல்லீங்க. காரு."

கணக்கில் அப்படி ஒன்றும் இல்லையே என்றேன்.

"கணக்குல இல்லீங்க. கையில இருக்குது."

இன்னொரு நாள், காய் வாங்கப் போகும்போது, ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி சொன்னாள். "இப்ப லாரி தாண்டுச்சே, நம்ம வண்டி ஒரு அசைப்பு அசைஞ்சது பாத்தீங்களா? அது மாதிரி." நான் பேப்பரில் இருந்தேன். ஒன்றும் அசைந்ததாகத் தெரியவில்லை. எனக்கு அசையாதது அவளுக்கு மட்டும் எப்படி அசையும்? ஒரே காரில்தானே இருக்கிறோம்?

இருந்தாலும் அவள் சொன்னாளே என்று கணக்கை மறுபடி ஓட்டினேன். அக்கறை இல்லாதவன் என்று யாரும் சொல்லக்கூடாது. பாதிக் காரை எடுத்துக் கட்டங்களை இன்னும் பொடியாக வெட்டிப் போட்டேன். அதே விடைதான் வந்தது. இன்னும் துல்லியமாக வந்தது. திரையில் காட்டினேன். "பார், எங்கேயாவது இழுக்கிறதா?" வண்ண வண்ணமாகக் காற்று போகிறதைப் பார்த்தாள். "அழகா இருக்குதுங்க" என்றாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

மூன்றாவது பந்தயம் கடற்கரை ஓரமாக ஒரு ரோடு. லீக்காரர்கள் கடற்காற்றையும் சேர்த்திருந்தார்கள். அவர்கள் முழுக் காரையும் தங்கள் பெரிய கம்ப்யூட்டரில் போட்டு ஓட்டுகிறவர்கள். அந்தக் கணக்கை நமக்குக் காட்டமாட்டார்கள், ஓட்டித்தான் தெரிந்துகொள்ள வேண்டும். மயிலா முதலில் போய்க்கொண்டிருந்தாள். முதலில். கேட்டீர்களா? பின்னால் ஓசூர் அணியின் கார். கடைசிச் சுற்று. கடைசிக்கு முந்தின வளைவு. நான் மைக்கைத் தயாராகப் பிடித்திருந்தேன். ஜெயித்தால் நாலு வார்த்தை பேச வேண்டும் அல்லவா? அந்த ஓசூர்க் கார் பக்கத்தில் ஏறி வந்தது. அவ்வளவுதான். நம் கார் பின்பக்கம் சுழன்று, ரோட்டைக் குறுக்கே கடந்து, நேரே கடலுக்குள்.

மயிலா ஸ்டீயரிங்கை விடவில்லை. கார் கடலில் மூழ்கின பிறகும் திருப்பிக்கொண்டே இருந்தாள்.

மைக்கில் கூட்டம். அய்யா என்னாச்சு, அய்யா என்னாச்சு என்று. நான் உள்ளதைச் சொன்னேன். ஓட்டினது நானில்லை, என் வீட்டுக்காரி. காரில் ஒரு குறையும் கிடையாது. ஓட்டினவர் தவறு.

உள்ளதைத்தானே சொன்னேன்? கணக்கில் குறை இல்லை என்றால் மீதி இருப்பது கைதானே?

அப்புறம் ஓசூர் அணியின் டிசைனர் மைக்கில் வந்தாள். நிலோஃபர் என்று ஒரு பெண். கம்பெனி ஒன்றில் வேலை பார்த்துக்கொண்டு இதையும் செய்கிறவள். "அய்யா, எல்லா ரேஸும் அம்மாதான் ஓட்டினாங்களா?" என்றாள். ஆமாம் என்றேன். "போன ரேஸ்ல எங்க காரைத் தாண்டினதும் அம்மாவா?" அவள்தான் என்றேன். "மைக்கைக் கொஞ்சம் அம்மாகிட்ட குடுங்களேன்."

கொடுத்தேன். கொடுக்காமல் என்ன செய்வது, அத்தனை பேர் கேட்டுக்கொண்டிருக்கும்போது?

"அம்மா, வண்டி உங்கள எந்த இடத்துல விட்டுச்சு?" அவ்வளவுதான் கேட்டாள். மயிலா பேச ஆரம்பித்தாள். வளைவுக்குள் போகும்போது சரியாக இருந்ததாம். பக்கத்துக் கார் தோளுக்கு வந்ததும் பின்னால் வலப்பக்கம் லேசானதாம். அரிசி மூட்டையில் ஒரு பக்கம் ஓட்டை விழுந்தால் தலைச்சுமை சாயுமே, அப்படியாம். முதல் பந்தயத்திலிருந்தே இப்படியாம், பக்கத்தில் யாரும் இல்லாதபோது சமாளித்துக்கொண்டாளாம். பேசினாள், பேசினாள். கல்யாணம் ஆன நாள் முதல் என்னிடம் இவ்வளவு பேசியதில்லை. அந்தப் பெண் நடுவில் ம், ம் என்பதைத் தவிர ஒன்றும் சொல்லவில்லை. அவளுக்கும் சொல்ல ஒன்றும் இருந்திருக்காது.

மைக்கை என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு மயிலா எழுந்து போய்க் குக்கரை வைத்தாள்.

எனக்கு அவள் கைமேல் சந்தேகம். நரம்புத் தளர்ச்சியாக இருக்கலாம். மறுநாளே டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். இதையும் ஒருத்தரும் கணக்கில் எடுப்பதில்லை. வரமாட்டேன் என்றவளை வற்புறுத்திக் கூட்டிப் போனேன். டாக்டர் கையை நீட்டச் சொன்னார். விரல்மேல் ஒரு காகிதத்தை வைத்தார். காகிதம் அசையவில்லை. "ஃபேன் ஓடுது, அப்பக்கூட அசையல பாருங்க. எனக்கே இப்படி நிக்காது" என்றார். அப்படியானால் உங்கள் ஃபேனில் காற்று வரவில்லை என்று சொன்னேன். மயிலா கையை மடக்கிக்கொண்டாள். "போலாங்களா?" என்றாள்.

திரும்பும்போது அவள்தான் ஓட்டினாள். நான் பேப்பர் படித்தேன்.

விஜயமங்கலமா இது? சொன்னேன் அல்லவா, பெருந்துறைக்குள் முடிந்துவிடும்.

அப்புறம் என்ன. மகள் பூங்கொடி ஈரோட்டிலிருந்து வந்தாள். அம்மாவும் மகளும் அறைக்குள் பேசினார்கள். மகள் வெளியே வந்து, "அப்பா, அம்மா கொஞ்ச நாளைக்கு எங்க வீட்ல இருக்கட்டும்" என்றாள். இருக்கட்டும், எனக்கென்ன. சாயங்காலம் பார்த்தால் மேசையில் ஸ்டீயரிங் இல்லை. மிதிக்கட்டை இல்லை. அரிசிச் சாக்கையும் கொண்டுபோய்விட்டாள்.

லீக்கின் இணையப் பக்கத்தில் மறுநாள் போட்டிருந்தார்கள். ஓசூர் அணிக்குப் புது ஓட்டுநர். பேர் மயிலாத்தாள். முழுப் பேர். படம்கூடப் போட்டிருந்தார்கள். கல்யாண வீடுகளில் எடுத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறவள், நேரே பார்த்துக்கொண்டிருந்தாள். நடுவில் அணி மாறலாமா என்று விதியைப் படித்தேன். மாறலாம். விதியே தப்பு.

நான் போன் பண்ணினேன். பூங்கொடிதான் எடுத்தாள். "ஏனப்பா, அம்மா உங்க காரைத்தானே விட்டாங்க? உங்கள விடல" என்றாள். இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? சொல்லுங்கள். எனக்குப் புரியவில்லை.

நான்காவது, ஐந்தாவது பந்தயத்தில் எனக்கு ஓட்ட ஆளில்லை. அவள் இரண்டிலும் ஜெயித்தாள். பார்த்தேன். பார்க்காமல் இருக்க முடியுமா, எதிரணியின் காரைக் கவனிக்க வேண்டாமா? அந்த நிலோஃபர் போட்ட இறக்கை ஒன்றும் பெரிய இறக்கை இல்லை. நேர்ரோட்டில் என் காரைவிட மெதுவாகத்தான் போகிறது. ஆனால் வளைவில் நாலு கார்களுக்கு நடுவே போகும்போது அசையவில்லை. நிறைய வேகத்தை விட்டுக்கொடுத்து அதை வாங்கியிருக்கிறாள். நான் அப்படிச் செய்திருக்கமாட்டேன்.

வீட்டில் ஒரு வேலையும் இல்லை. சரி, ஒருமுறை முழுக் காரையும் போட்டுப் பார்ப்போம் என்று போட்டேன். அவள் சொன்னாள் என்பதற்காக இல்லை. நிரூபிக்கத்தான். இடமும் வலமும் சேர்த்து முழுக் கார். காற்றைக் கொஞ்சம் பக்கவாட்டில் சாய்த்து விட்டேன், வளைவில் வருகிற மாதிரி. கம்ப்யூட்டர் திணறித் திணறி ஓடியது. கடைசியில் விடை வந்தது.

பின் இறக்கையில் ஒரு பக்கம் காற்று ஒட்டவில்லை. பிய்ந்துகொண்டு போகிறது. அந்தப் பக்கம் அழுத்தமே இல்லை.

அவள் சொன்ன அதே இடமா என்றா கேட்கிறீர்கள்? ஆமாம். அதே இடம்தான்.

அதற்காகக் கணக்கு தப்பு என்று ஆகிவிடுமா? நேராகப் போகிற காரைப் பற்றி நான் கேட்டேன். நேராகப் போகிற காரைப் பற்றி அது சொன்னது. பாதியை வைத்து அது சொன்னதெல்லாம் சரி. ஒரு எண்ணிலும் பிசகு கிடையாது.

இப்போது எல்லாவற்றையும் மாற்றிவிட்டேன். இறக்கையின் ஓரத்தை வளைத்தேன், அடித்தளத்தைத் தூக்கினேன், பக்கத்தில் ஒரு தடுப்பு வைத்தேன். எந்தப் பக்கத்துக் காற்றுக்கும் நிற்கும். காலையில் லீக்குக்கு அனுப்பியாயிற்று, ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். அந்தக் கார்தான் உங்கள் காலடியில் இருக்கிறது. இன்று சாயங்காலம் கடைசிப் பந்தயம். இதில் ஓடாத அணியை அடுத்த வருஷம் சேர்க்கமாட்டார்கள். அடுத்த வருஷம் என்பதெல்லாம் என் வயசில் சும்மா சொல்கிற பேச்சில்லை. அவள் ஸ்டீயரிங்கோடு வீட்டுக்கு வந்து உட்கார்ந்தால் போதும். குறைதான் போய்விட்டதே. இனி அவளுக்கு வராமல் இருக்க என்ன காரணம்?

என்ன?

அவளிடம் எதைச் சொல்ல வேண்டும்?

ஓ. அதுவா. அதை எதற்கு வாயால் சொல்ல வேண்டும்? காரை ஓட்டினால் தெரிந்துகொள்வாள். நான் அவளுக்காக முழு இறக்கையையும் மாற்றியிருக்கிறேன். ஒரு வார்த்தையா பெரிசு? நீங்கள் கல்யாணம் ஆனவர்தானே? உங்கள் வீட்டில் இதையெல்லாம் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பீர்களா? பேசுவீர்களா. அப்படியா.

இருங்கள். போன் அடிக்கிறது. அவள்தான். பார்த்தீர்களா? நான் சொன்னேன் அல்லவா?

"ஆங், மயிலா. பஸ்ஸுல. பெருந்துறை வந்துருச்சு... ஆமா, அங்கதான்... சாப்ட்டாச்சு, தோசை... இல்ல, கேளு. இறக்கைய மாத்தியிருக்கேன். ஆமா, பின் இறக்கை. பக்கக் காத்துக்கு நிக்கும், இழுக்காது... என்னது?... யாரும் ஓட்டிப் பாக்கல. அதான் கணக்குப் போட்டுப் பாத்துட்டனே... முழுக் காருந்தான்... மயிலா? ஏய்."

சிக்னல் போய்விட்டது.

உங்கள் போனில் இருக்கலாம். என் போனில் இல்லை.

என்ன சொன்னாள் என்றால், வேறென்ன சொல்வாள், சாப்பிட்டீர்களா என்று கேட்டாள். எங்கே வருகிறீர்கள் என்றாள். இறக்கையை மாற்றியதைச் சொன்னேன். யார் ஓட்டிப் பார்த்தது என்று கேட்டாள். யாரும் இல்லை என்றேன். "அப்ப அது உங்களுக்கே தெரியாதுங்களே" என்றாள். சாயங்காலம் ஓசூர்க் காரை ஓட்ட வேண்டும், பந்தயம் முடிந்த பிறகு வீட்டுக்கு வாங்க, அதுவரைக்கும் பஸ் ஸ்டாண்டில் டீ குடித்துக்கொண்டு இருங்க என்றாள். நான் பக்கத்தில் உட்கார்ந்தால் அவளுக்குக் கை வராதாம். அன்றைக்கு டாக்டர் காகிதம் வைத்தபோது வந்ததே?

நான் என்ன கெட்டது செய்துவிட்டேன் சொல்லுங்கள். அடித்தேனா? குடித்தேனா? வேலைக்காக வீட்டை மறந்தவன் என்று சொல்ல முடியுமா? எல்லாவற்றையும் அவளுக்கும் சேர்த்தே யோசித்தேன். அவள் யோசிக்க வேண்டிய அவசியமே இல்லாமல் பார்த்துக்கொண்டேன்.

அங்கே பாருங்கள், லாரி வருகிறது. தாண்டுகிறது. ம்.

அசைகிறது.

அசைகிறதுதான். கொஞ்சம். பின்னால்.

ஈரோட்டுக்குள் வந்தாயிற்றா? எல்லாரும் எழுந்துவிட்டார்கள். இருங்கள், கூட்டம் இறங்கட்டும். ஒன்று கேட்கிறேன். உங்களுக்குக் கார் ஓட்டத் தெரியுமா? தெரியும் அல்லவா. கம்ப்யூட்டரில் ஓட்டுகிற கடைகள் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் இருக்கும், பையன்கள் விளையாடுவார்கள். அங்கே ஸ்டீயரிங் வைத்திருப்பார்கள். பந்தயத்துக்கு இன்னும் நேரம் இருக்கிறது. ஜெயிக்க வேண்டாம். கடைசியாக வந்தால்கூடப் போதும், அணி நிற்கும். உங்களுக்கு வீட்டில் அவசரமா? இல்லை என்றால் வாருங்கள்.

மைக்கை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பேரையே போடச் சொல்கிறேன். நான் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்துகொள்கிறேன். வளைவில் போகும்போது கார் எங்கே பிடிக்கிறது, எங்கே விடுகிறது, அதை மட்டும் எனக்குச் சொன்னால் போதும். மெதுவாகச் சொல்லுங்கள். நீங்கள் எப்படிச் சொன்னாலும் சரி, நான் குறுக்கே பேசமாட்டேன். கேட்டுக்கொள்கிறேன்.

ஏன் சார் அப்படிப் பார்க்கிறீர்கள்?